வெள்ளைக் கோடுகள்

டாக்டர் பிரமநாயகி சந்தேகப்படாத பொருள் அந்த ஆஸ்பத்திரியில் எதுவும் கிடையாது. கேன்டீன் பாலில் தண்ணீர், லிஃப்ட் போடும் சத்தம், புது நர்ஸ் கேட்கும் லீவு என்று எல்லாவற்றையும் ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வாள். ஐம்பதைத் தாண்டியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு இதுதான் காரணம் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஸ்கேன் படம் படிக்கிறவளுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

அதனால் திருநெல்வேலியில் இருந்த அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குள் 'திசை' வந்து இறங்கியபோது அவள் மட்டும் லட்டு எடுத்துக்கொள்ளவில்லை. திசை ஒரு மென்பொருள். நோயாளியின் சி.டி. ஸ்கேன் படத்தைக் கொடுத்தால், இம்யூனோதெரபி ஊசி அந்த ஆளுக்கு வேலை செய்யுமா செய்யாதா என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடும். ஊசி யானை விலை. அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டுமானால் திசை 'பயன் உண்டு' என்று பச்சை காட்ட வேண்டும். 'பயன் இல்லை' என்று சிவப்பில் வந்தால் பழைய கீமோதெரபிதான். அதுவும் தாங்காது என்றால் வலி மாத்திரை. மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது. இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது, எல்லாரும் பழகிவிட்டார்கள்.

முப்பிடாதிக்குச் சிவப்பு வந்த அன்று பிரமநாயகி தற்செயலாக டாக்டர் ஜெபசிங்கின் அறையில் இருந்தாள். ஜெபசிங் புற்றுநோய் மருத்துவர், அவளைவிடப் பத்து வயது இளையவர், எந்நேரமும் தூக்கம் போதாத முகம். எதிரே உட்கார்ந்திருந்த முப்பிடாதி கடையம் பக்கத்துக்காரி, பீடி சுற்றுகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நுரையீரலில் கட்டி. புருஷன் லோடு ஆட்டோ கவிழ்ந்து செத்து ரொம்ப வருஷம் ஆயிற்று. கூட யாரும் வரவில்லை.

"டாக்டரய்யா, அந்த ஊசி எனக்கு ஏன் ஆவாதுங்கிறிய?"

"ஆவாதுன்னு இல்லம்மா, பிரயோஜனப்படாது. நம்ம ஒடம்புல காவல்காரன் மாதிரி அணுக்கள் இருக்கு. இந்தக் கட்டி வேஷம் போட்டு, அதுங்க கண்ணுல மண்ணத் தூவிட்டு வளருது. ஊசி அந்த வேஷத்தக் கலைக்கும். மிச்சத்த காவல்காரன் பாத்துக்குவான். ஆனா சில பேருக்கு வேஷம் கலைஞ்சாலும் காவல்காரன் வர மாட்டான். ஒங்களுக்கு அப்படி."

"வர மாட்டான்னு யாரு சொன்னா?"

"படத்தப் பாத்து மிஷின் சொல்லுது."

முப்பிடாதி கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "மிஷினு இல்லன்னு சொன்னவுக யாருக்காச்சும் போட்டுப் பாத்தியளா?"

ஜெபசிங் கணினியைப் பார்த்தார், பிறகு பிரமநாயகியைப் பார்த்தார். போட்டுப் பார்க்க அனுமதி இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பிடாதி பதிலுக்குக் காத்திருக்காமல் பையை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க எழுந்து போனாள். அவளுடைய ஸ்கேனைப் படித்து எழுதியவள் பிரமநாயகிதான். இந்த மாதிரிக் கட்டிகள் அந்த ஊசிக்குக் கரைந்ததை, திசை வருவதற்கு முன் அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

கேன்டீனில் ஜெபசிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க திசை யாருக்கெல்லாம் பச்சை காட்டுதுன்னு பாத்தீங்களா ஜெபசிங்?"

"கட்டி ஒத்துவர்றவங்களுக்கு, மேடம்."

"புருஷன் பிளாஸ்க் தூக்கிட்டு வர்ற பொம்பளைகளுக்கு. தனியா பஸ் ஏறி வர்றவளுக்கு செவப்பு. ஆள் பாத்து, வசதி பாத்துத்தான் ஊசி போகுதோ? சிங்கப்பூர் மாநாட்டுக்கு அந்தக் கம்பெனிக்காரன் ஒங்களுக்கு டிக்கெட் போட்டானே, அது எதுக்கு?"

ஜெபசிங் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். "நான் சிங்கப்பூர் போகல மேடம். டிக்கெட்ட திருப்பி அனுப்பிட்டேன். அதுவும் ஒங்களுக்குத் தெரியும். அப்பவே டிராவல்ஸுக்கு போன் பண்ணி விசாரிச்சீங்க."

விசாரித்தது உண்மைதான். பிரமநாயகி அசடு வழியவில்லை, அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை. மீதி வடையை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, தன் அறைக்குப் போய்ப் பழைய கேஸ்களைத் திறந்தாள்.

ஆண்களின் முடிவுகளில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கட்டியின் குணத்துக்குத் தக்கபடிதான் பச்சையும் சிவப்பும் வந்திருந்தன. பெண்களின் முடிவுகளுக்கு வந்ததும்தான் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கணவனை இழந்தவர்களில் பச்சை வந்தவர்களைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே குணமுள்ள இரண்டு கட்டிகள், ஒரே வயதுள்ள இரண்டு பெண்கள். ஒருத்திக்கு உண்டு, மற்றவளுக்கு இல்லை. மற்றவள் விதவை. பதிவுச் சீட்டில் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. சுர்ரென்று கோபம் ஏறியது.

திசையை உருவாக்கிய நிறுவனத்தில் இந்த ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்டவள் நிரஞ்சனா என்ற இளம் பொறியாளர். சென்னையில் இருந்தாள். பிரமநாயகி போனில் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

"கணவர் பேரு இருக்கா இல்லையான்னு பாத்துட்டா ஒங்க மிஷின் முடிவு பண்ணுது?"

"டாக்டர், பேரு, வயசு, ஊரு, எதுவுமே எங்களுக்கு வராது. எல்லாத்தையும் எடுத்துட்டு படத்த மட்டும்தான் நீங்க அனுப்புறீங்க." நிரஞ்சனா சிரித்தேவிட்டாள். "நெஞ்சு படத்துல ஒருத்தங்களுக்கு புருஷன் இருக்காரா இல்லையான்னு எப்படி டாக்டர் தெரியும்?"

அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தாள். அனுப்பப்பட்ட கோப்புகளை வாங்கித் தானே பார்த்தாள். நிரஞ்சனா சொன்னது சரி. பெயரில்லாத, ஊரில்லாத படங்கள். பிரமநாயகிக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இருந்தவளுக்குத் திருடனைக் காணவில்லை.

மறுநாள் அவளுடைய அறை வாசலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். சங்கரன்கோவிலில் இருந்து வந்த சுடலைமுத்து, அவர் மனைவி செல்லத்தாய். கையில் பிளாஸ்க், தோளில் துணிப்பை, எல்லாம் முறைப்படி இருந்தது. செல்லத்தாய்க்கும் சிவப்பு.

"டாக்டரம்மா, ஒருவாட்டி நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றார் சுடலைமுத்து. "மிஷினு சொன்னா நாங்க ஒத்துக்கிடுதோம். ஆனா ஒரு மனுசரு வாயால கேட்டுட்டுப் போயிருதோம்."

பிரமநாயகி படத்தைத் திறந்தாள். கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு அடுக்காக உருட்டிக்கொண்டு வந்தாள். கட்டி தெளிவாகத் தெரிந்தது. எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இடித்தது. கல்யாணமான பெண்ணின் நெஞ்சுப் படம் இத்தனை சுத்தமாக அந்த ஆஸ்பத்திரியில் அவள் பார்த்ததேயில்லை.

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. ஊருலகத்தில் எல்லா இடத்திலும் அதுதான் விதி. ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் பல வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணிடம் தாலியைக் கழற்றச் சொன்னதற்கு, அவளுடைய மாமியார் ஸ்கேன் அறைக்குள் புகுந்து டெக்னீஷியனின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். என் மகன் உயிரோடு இருக்கும்போது கழற்றச் சொல்ல நீ யார் என்று வெளியே மரத்தடி வரைக்கும் சத்தம். அதற்குப் பிறகு தாலியை மட்டும் யாரும் கழற்றச் சொல்வதில்லை. தோள் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்பதோடு சரி. தங்கத்தில் பட்ட கதிர் சிதறி, மேல் நெஞ்சுப் படங்களில் நாலாபுறமும் வெள்ளைக் கோடுகளாக விழும். படம் படிக்கிற டாக்டர்கள் அந்தக் கோடுகளைப் பார்க்காமலேயே பார்த்துப் பழகியிருந்தார்கள். பிரமநாயகியும் பழகியிருந்தாள்.

"தாலியக் கழட்டிட்டா படம் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

செல்லத்தாய் பதறிப்போய்ச் சேலைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். "கழத்தல டாக்டரம்மா. தங்கம் பேங்குல இருக்கு, வைத்தியச் செலவுக்கு வச்சிருக்கோம். மஞ்சக் கெழங்குதான் கெட்டியிருக்கேன்."

மஞ்சள் கிழங்கு ஸ்கேனில் கோடு போடாது. விதவைகளின் படங்களிலும் கோடு இருக்காது. பிரமநாயகி, பிறகு கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தாள். சுடலைமுத்து அந்தப் பதிலை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நிரஞ்சனாவை உடனே கிளம்பி வரச் சொன்னாள். அவள் மடிக்கணினியில் திசையின் சோதனைப் பிரதி ஒன்று இருந்தது. ஜெபசிங்கும் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பச்சை வந்த ஒரு பெண்ணின் படத்தைப் போட்டார்கள். பச்சை. அதே படத்தில் வெள்ளைக் கோடு விழுந்த அடுக்குகளை மட்டும் மறைத்துவிட்டுப் போட்டார்கள். சிவப்பு. கட்டி அப்படியே இருந்தது, அதை யாரும் தொடவில்லை. இன்னொரு பெண், இன்னொரு பெண் என்று போட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் நிரஞ்சனா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க கத்துக்கிச்சுன்னே தெரியல டாக்டர். இத நாங்க சொல்லிக் குடுக்கல."

"நாங்க சொல்லிக் குடுத்தோம்," என்றார் ஜெபசிங். "மிஷினுக்குப் பாடம் சொல்ல நீங்க வாங்கினது எங்க பழைய கேஸ்தான. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. பஸ் பிடிச்சு கூட்டிட்டு வரவும், வீட்டுல பாத்துக்கவும் ஆள் இருக்கிறவங்க முழுசா போட்டுக்கிட்டாங்க, பிழைச்சாங்க. புருஷன் இல்லாத பொம்பளைங்க ரெண்டு மூணு ஊசியோட நின்னுட்டாங்க. ஏன் வரலன்னு யாரு தேடிப் போனோம்? பலனில்லைன்னு எழுதி மூடிட்டோம். ஆம்பளைங்களுக்குக் கூட வர பெண்டாட்டியோ பிள்ளையோ இருந்தாங்க, அவங்க படத்துல அது கட்டிய மட்டும் பாத்துச்சு. பொம்பளைங்கன்னா வேற. நெஞ்சுல கோடு இருந்தா பொழைப்பா, இல்லாட்டி பொழைக்க மாட்டா. அது பாத்த வரைக்கும் சரியாத்தான் பாத்திருக்கு."

இரண்டு வருடமாக இந்தப் பெட்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பிரமநாயகி. இன்றைக்கு அது நிரூபணமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய அவளுக்கு அழுகைதான் வந்தது. தன் படத்தைப் போட்டிருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும் என்ற நினைப்பு வேறு. இருமுவது போலத் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மேல சொல்லிட்டா திட்டத்தையே நிறுத்திடுவாங்க டாக்டர்," என்றாள் நிரஞ்சனா. "சரிபண்ணி முடிக்க அஞ்சாறு மாசம் ஆகும். அதுவரைக்கும் புதுசா யாருக்கும் ஊசி கிடையாது. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. எங்க ஆபீஸ்ல நான் பேசறேன்."

பிரமநாயகி அவளை உற்றுப் பார்த்தாள். டைம் கேட்பவர்கள் எல்லாம் எதையோ புதைக்கத்தான் கேட்பார்கள் என்பது அவள் அனுபவம். "முப்பிடாதிக்கு எவ்வளவு நாள் தாங்கும் ஜெபசிங்?"

"இந்த வாரம் ஆரம்பிச்சா ஒரு வாய்ப்பு இருக்கு. ஒரு மாசம் போச்சுன்னா ஊசி தாங்குற தெம்பு இருக்காது."

"அப்ப மொதல்ல முப்பிடாதி. அப்புறம் புகார்."

ஜெபசிங்குக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முப்பிடாதியை வரவழைத்து, ஸ்கேன் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பிரமநாயகி உள்ளதை உள்ளபடி சொன்னாள். மிஷின் கட்டியைப் பார்க்கவில்லை, தாலியைப் பார்க்கிறது என்றதும் முப்பிடாதியின் கை வெறுங்கழுத்துக்குப் போயிற்று. திட்டுவாள் என்று பிரமநாயகி எதிர்பார்த்தாள்.

"நானா அதக் கழத்தல," என்றாள் முப்பிடாதி. "கழத்துனாவ. தெருவே நின்னு பாத்துச்சு. இப்ப நீங்க கெட்டச் சொல்லுதிய."

"ஒங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம் முப்பிடாதி. வேற வழி பாப்போம்." வேறு வழி எதுவும் அவளிடம் இல்லை. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். "தாலி வேண்டாம். இது போதும்."

முப்பிடாதி அதை வாங்கவில்லை. "தங்கந்தான் வேணுமா, தகரம்னாலும் போதுமா?"

"மிஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப ஒங்க சங்கிலி எதுக்கு." சேலையிலும் ரவிக்கையிலும் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். போதாது என்று பிரமநாயகியிடம் இருந்தவற்றையும் வாங்கிக்கொண்டாள். கட்டுப்போடும் துணியை நீளமாகக் கிழித்து, ஊக்குகளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேஜையில் ஏறிப் படுத்தாள். படுத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் இருமலும் வந்தது. "அவுக போயி இத்தன வருசம் கழிச்சு நாலு ஊக்கு என்னிய சுமங்கலியாக்கிட்டு. மூச்சப் பிடிக்கணுமா, சொல்லுங்க."

திசை பச்சை காட்டியது. அந்த வாரமே முதல் ஊசி ஏறியது.

பிரமநாயகி சொன்னபடி மறுநாளே திட்ட அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது, பிறகு அந்தப் பதிலே திரும்பத் திரும்ப வந்தது. இதற்கிடையில் முப்பிடாதி ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை. ஊசிக்கு முந்தின நாள் பிரமநாயகி போன் செய்து, வரவில்லை என்றால் கடையத்துக்கே வந்துவிடுவேன் என்று மிரட்டிவிடுவாள். கட்டி முதலில் வளராமல் நின்றது. பிறகு சுருங்கத் தொடங்கியது. அந்தப் படத்தை ஜெபசிங்குக்குக் காட்டியபோது, தான் சிரித்துக்கொண்டிருப்பதை பிரமநாயகி தானே கவனித்தாள்.

ஒருவழியாகப் புகாரை விசாரிக்க அதிகாரிகளும் நிறுவனத்தாரும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். கூட்ட அறையில் திரை இறக்கினார்கள். நிறுவனத்தின் தலைமை ஆள் நல்ல தமிழ் பேசினார். தாலியைப் பார்த்து முடிவு சொல்கிறது என்பது கற்பனை, அப்படி ஒரு சோதனை எங்கள் பிரதியில் நடந்ததாகப் பதிவே இல்லை என்றார். பிறகு திரையில் இரண்டு படங்களைப் போட்டார். பெயரில்லாத படங்கள்தான். ஆனால் பிரமநாயகிக்கு யாருடையவை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஒரே நோயாளின்னு திட்ட அலுவலகப் பதிவு சொல்லுது. முதல் படத்துக்குத் திசை இல்லைன்னு சொல்லுச்சு. அடுத்த வாரம் எடுத்த படத்துக்கு உண்டுன்னு சொல்லுச்சு. இடையில கட்டியோட குணம் மாறியிருக்கு. மனுஷக் கண்ணுக்கு அது தெரியல. திசைக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு அவங்க குணமாகிட்டு வர்றாங்க. புகார் குடுத்த டாக்டரோட நோயாளியே எங்களுக்குச் சாட்சி." அவர் பிரமநாயகியைப் பார்த்துக் கைகூப்பினார். "இந்த கேஸையும் சேர்த்துத்தான் அடுத்த பதிப்புக்குப் பயிற்சி குடுத்திருக்கோம். பொங்கலுக்கு மாநிலம் முழுக்க வருது."

நிரஞ்சனா கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிரமநாயகிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டவள், தான் செய்த காரியத்தை ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. ஒருத்தியைக் காப்பாற்ற அவள் போட்ட கோடு, கோடு இல்லாத அத்தனை பேருக்கும் எதிரான அத்தாட்சியாகத் திரையில் நின்றது. உண்மையைச் சொல்ல எழுந்தால் முதலில் சொல்ல வேண்டியது பொய்ப்படம் எடுத்த கதையை. பொய்ப்படம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையை உடனே நிறுத்தலாம் என்று திட்ட விதியில் ஒரு வரி இருந்தது. முப்பிடாதிக்கு இன்னும் பாதி ஊசிகள் பாக்கி.

இடைவேளை என்று சொன்னதும் அவள் நேராக ஊசி வார்டுக்குப் போனாள். அன்றைக்கு முப்பிடாதியின் முறை. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"முப்பிடாதி, நான் ஒரு உண்மையச் சொல்லணும். சொன்னா ஒங்க ஊசிய நிறுத்தினாலும் நிறுத்துவாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஒங்கள மாதிரி வர்றவங்களுக்கு எல்லாம் செவப்புதான். இங்க மட்டுமில்ல, இனிமே எல்லா ஊர்லயும். நீங்க பொழைச்சதத்தான் அதுக்கு சாட்சியா காட்டுதாங்க."

முப்பிடாதி மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்கு டாக்டரம்மா. போன வாரந்தான் மச்சுப்படி ஏறி துணி காயப் போட்டேன். எம்புட்டு நாளாச்சு." கண் கலங்கியது, துடைக்க இந்தக் கையை ஆட்ட முடியாது, அந்தக் கையால் துடைத்துக்கொண்டாள். சொல்லிச் சம்மதிக்க வைத்தால் அது சம்மதம் இல்லை என்று பிரமநாயகிக்குத் தோன்றியது.

"ஏறிக்கிட்டு இருக்கது ஏறி முடியட்டும்," என்றாள் முப்பிடாதி. "அதுவரைக்கும் உக்காருங்க. அப்புறம் போயி சொல்லுங்க."

பிரமநாயகி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட்ட அறையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டார்கள். கடைசிச் சொட்டு இறங்கி நர்ஸ் ஊசியை எடுத்த பிறகுதான் எழுந்தாள்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள், ஊக்கு உட்பட. யாரோ சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. நிறுவனத்தின் தலைமை ஆள், இவர் மனநிலை சரியில்லாதவர் என்கிற தொனியில் எதையோ ஆரம்பித்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து நிரஞ்சனா எழுந்து முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. மடிக்கணினியைத் திரையோடு இணைத்து, அன்றைக்குப் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கோடு இருந்தால் பச்சை, மறைத்தால் சிவப்பு. அவள் டைம் கேட்டது புதைப்பதற்கு அல்ல என்பது பிரமநாயகிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரமநாயகிக்கு மெமோ வந்தது, கூடவே தற்காலிகப் பணிநீக்கம். முப்பிடாதியின் சிகிச்சையைத் தொடரலாம் என்று உத்தரவாயிற்று. கண்ணெதிரே வேலை செய்துகொண்டிருக்கும் ஊசியை நிறுத்த எந்த அதிகாரிக்கும் கை வரவில்லை. திசையை மூட்டை கட்டினார்கள். அது 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய பெண்களில் விரும்புகிறவர்களுக்கு, டாக்டர்கள் பொறுப்பில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்ந்திருந்தது. அந்த வரிக்காக ஜெபசிங் சென்னைக்கும் நெல்லைக்குமாக அலைந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண்களைக் கூப்பிட வேண்டும். வேலையில்லாமல் இருந்தவள் பிரமநாயகிதான். ஜெபசிங்கின் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தாள். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலவற்றில் மகன்கள் பேசினார்கள். அம்மா இல்லை என்றார்கள். வெளியே போயிருக்கிறார்களா என்று முதல் தடவை கேட்டுவிட்டாள், அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றதும் திட்டிவிட்டு வைத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு எண்ணையும் அழுத்துவதற்கு முன் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"சுடலைமுத்து அண்ணாச்சியா? திருநெல்வேலி ஆஸ்பத்திரில இருந்து டாக்டர் பிரமநாயகி பேசுதேன்."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல. ஆஸ்பத்திரி. நீங்க என்னப் பாத்திருக்கீங்க."

"நெறைய பேரு இப்படித்தான் பேசுதாவ. வைத்தியம்பாவ, அப்புறம் பேங்கு நம்பரக் கேப்பாவ."

"எதுவும் கேக்க மாட்டேன். செல்லத்தாய் எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

பிரமநாயகி கண்களை மூடித் திறந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அன்று காலையிலிருந்து காத்திருந்தாள். "அந்த ஊசி இப்ப போடலாம் அண்ணாச்சி. செலவு கிடையாது."

மறுமுனையில் குரல் கோபமாக வந்தது.

"அன்னைக்கு இல்லன்னிய. பொறவு கூப்பிடுதேன்னிய, கூப்பிடல. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து அழுது முடிச்சாச்சு. பிள்ளையளுக்கும் சொல்லியாச்சு. இன்னைக்கு உண்டுங்கிறிய. இப்ப யாரு சொல்லுதா, அதே மிஷினா?"

"மிஷின நிறுத்தியாச்சு."

"வேற மிஷினா?"

"இல்ல."

"அப்ப நீங்க பாத்துச் சொல்லுதியளா? கண்டிப்பா கேக்கும்னு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் கிளம்பி வந்துவிடுவார். செல்லத்தாயின் படம் அவளுக்கு எதிரே திறந்துதான் இருந்தது. எத்தனை தடவை உருட்டிப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. நல்ல கட்டி போலத்தான் இருந்தது. முப்பிடாதியின் கட்டி போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"தெரியாது," என்றாள்.

"என்னது?"

"தெரியாது அண்ணாச்சி. கேக்கலாம், கேக்காமலும் போகலாம். போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தாள். பின்னால் எங்கோ ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ ஒரு பெண் யாருங்க போன்ல என்று கேட்பதும் மெல்லக் கேட்டது.

"அந்த ஆஸ்பத்திரில தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்," என்றார் சுடலைமுத்து. "நாளைக்குக் காலைல அவளக் கூட்டிட்டு வாறேன். எந்த வாசலுக்கு வரணும்?"